வாவிப் பறவைகளுக்குக் கேதீஸ்வரி சொன்ன பெயர்கள்

மரியாதை கொடுக்கத் தகுந்த ஆள் என்று கேதீஸ்வரி ஆரையம்பதியில் ஒருவரையும் கண்டதில்லை. குவைத்தில் ஏழு வருடம் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். திரும்பி வந்து பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நாலு வருடம் அறை துப்புரவு செய்தாள். பிறர் படுத்தெழும்பிய கட்டிலை நாள்தோறும் தட்டி விரிக்கிறவளுக்கு மனிதர்மேல் பக்தி வருவது கஷ்டம். கட்டினவன் பதினொரு வருடத்துக்கு முன்னர் வவுனியாவில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். அதற்கும் அவள் அழவில்லை. அவனை ஏற்றுக்கொண்ட பெண்ணின் புத்தியை நினைத்துச் சிரித்தாள்.

ஊர்மேல் அவளுக்கு இருந்த வெறுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குவைத்திலிருந்து வந்த வருடம் அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்குக்குப் பாற்குடம் எடுக்கப் பெயர் கொடுத்திருந்தாள். மாதர் சங்கத் தலைவி சீதேவிப்பிள்ளை, வெளிநாட்டில் எந்தெந்த வீட்டில் இருந்து வந்தவளோ என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். கோயில் வண்ணக்கர் அருமைநாயகம் தலையை ஆட்டி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நம்பிக்கைப் பொறுப்பில் கோயிலை நடத்துகிற வண்ணக்கர் சொன்னால் அது சொன்னதுதான். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை. கேதீஸ்வரியும் கோயிலுக்குள் போகவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் தெருவில் நின்று கும்பிடுவாள். அம்மனோடு தனக்குக் கோபம் இல்லை, வாசலில் நிற்கிறவர்களைத்தான் பிடிக்காது என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான்.

வாவிக்கரையில் சுவிஸிலிருக்கும் ஒரு குடும்பத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி கேதீஸ்வரியிடம் இருந்தது. டென்மார்க்கிலிருந்து ஒரு கிழவன் அதில் குடியிருக்க வருகிறான், சமைத்துக் கொடு என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார்கள். வந்தவரின் பெயர் ஹென்றிக். அறுபத்தெட்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம், வேகவைத்த இறால் நிறம். வெள்ளைக்காரன் என்றால் டொக்டர், எஞ்சினியர், குறைந்தது ஒரு பாதிரியார் என்று நினைத்திருந்த ஊருக்கு, அவர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் என்று தெரிந்தபோது பெரிய ஏமாற்றம். ஏன் இங்கே வந்தார் என்பதற்கு ஊர் பல கதை கட்டியது. உளவாளி என்றார்கள், கொலைகாரன் என்றார்கள். கேதீஸ்வரியிடம் அவர் காரணத்தைச் சொல்லியிருந்தார். தன் நாட்டில் மாரி காலத்தில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுமாம். மனைவி செத்த பிறகு அந்த இருட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லையாம். இதற்காகவா ஒருவன் கடல் தாண்டி வருவான், ஒரு லைட்டைப் போட்டால் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

புத்தகம் பார்த்துத் தமிழ் படித்திருந்தார். அவளைத் ‘திருமதி கேதீஸ்வரி’ என்று கூப்பிட்டார். ஓடிப்போனவனின் ஞாபகத்தை ஒவ்வொரு நாளும் காலையில் தேநீரோடு சேர்த்துக் கொடுத்ததற்காகவே அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. சாரத்தை உடுத்து அதன்மேல் தோல் பெல்ட் கட்டினார். பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் சின்னப்பிள்ளை மாதிரி கேற்றுக்கு ஓடினார். தெருநாய்க்கும் வணக்கம் சொன்னார். எவர் எதைச் சொன்னாலும் ‘ஓம், ஓம்’ என்றார். அப்படி ஓம் சொல்லியே மூன்று தடவை ஒரே ஆளிடம் பழுதான இளநீர் வாங்கினார். பிட்டைக் கரண்டியால் சாப்பிட்டார். தேங்காய் துருவக் கற்றுத்தரச் சொல்லி உட்கார்ந்து, துருவலையில் பெருவிரலைக் கீறிக்கொண்டு, ரத்தத்தைப் பார்த்து மயங்கினார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவருக்கு ரத்தம் ஆகாது!

இவ்வளவையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது குருவி பார்க்கிற வேலை.

காலை ஐந்தரைக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். கழுத்தில் பைனாகுலர், மடியில் படப்புத்தகம், கையில் கொப்பி. எட்டரை வரை அசையமாட்டார். நுளம்பு பிடுங்கும், அசையமாட்டார். தோணிக்காரர் போகிறபோது சிரித்துக்கொண்டு போவார்கள். முதல் வாரம் அவள், திங்கவா என்று வாயில் கையை வைத்துக் காட்டிக் கேட்டாள். அவர் பதறிப்போய் இல்லை என்றார். பிடித்து விற்கவா? இல்லை. அப்போ என்னத்துக்கு? “நான் பார்க்கிறேன். பிறகு எழுதுகிறேன்” என்றார். கொப்பியில் எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு ஆங்கிலப் பெயருக்கு நேரே பதினாலு, இன்னொன்றுக்கு நேரே முப்பத்தொன்று என்று வரிவரியாக இலக்கம். பஸ்ஸில் ஆள் எண்ணிப் பழகியவன் எண்ணாமல் இருக்க முடியாமல் எண்ணுகிறான் என்று முடிவு கட்டினாள். அதிலும் கெட்டிக்காரன் இல்லை. ஒரு நாள் அரை மணி நேரம் பார்த்துப் படம் கீறி வைத்தது, பக்கத்து வீட்டுப் பெட்டைக் கோழி என்று அவள் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் அவர் பெயர் கேட்கத் தொடங்கினார். தன் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர்தான் இருக்கிறது, இந்த ஊர்ப் பெயர் வேண்டும் என்றார்.

கேட்ட நாள் அவருக்கு நல்ல நாள் இல்லை. முதல் நாள் ஒரு கல்யாண வீட்டில் கேதீஸ்வரி சாப்பிட உட்காரப்போக, முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்திருந்த வண்ணக்கர் அருமைநாயகம், பாத்திரம் கழுவ ஆள் காணாதாம் என்று பொதுவில் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எல்லாருக்கும் விளங்கியது. அவள் சாப்பிடாமல் வந்துவிட்டாள். அந்த எரிச்சலோடு கிணற்றடியில் மணலை மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தபோது, ஹென்றிக் வந்து வாவியைக் காட்டினார். தண்ணீரில் பெரிய கூழைக்கடா ஒன்று பைபோன்ற தாடையை விரித்து மீனை வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“பந்திமுந்தி.”

அது வண்ணக்கருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அவர் இல்லாத இடத்தில் அவருடைய சொந்தத் தம்பிகூட அப்படித்தான் சொல்வான். ஹென்றிக் நாக்கைச் சுழற்றி நாலு தடவை சொல்லிப் பார்த்து, எழுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். முகம் அப்படி மலர்ந்தது. இவனைப் போல ஒரு மடையன் உலகத்தில் இருக்க முடியாது என்று கேதீஸ்வரி நினைத்தாள். அதே நேரம், பல வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை செய்வதில் சந்தோஷம் உண்டாயிற்று.

அதன்பின் நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ஓயாமல் கத்தும் ஆட்காட்டிக் குருவிக்கு ‘ஓட்டைச்சங்கு’ என்றாள். அது கூட்டங்களில் மைக்கை விடாத ஓய்வுபெற்ற அதிபரின் பட்டம். தட்டையான நீளச் சொண்டால் சேற்றைக் கிளறிக்கொண்டு போகும் பறவைக்கு ‘அகப்பைவாய்’ என்றாள். அது சீதேவிப்பிள்ளை. வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் சின்ன உள்ளான் ‘குண்டியாட்டி’, அதாவது சந்திக் கடை முதலாளி. ஊரில் பட்டப்பெயருக்குப் பஞ்சம் இல்லை, வாவியில் பறவைக்கும் பஞ்சம் இல்லை. ஒரு வருடத்தில் நாற்பத்து மூன்று பெயர் சேர்ந்தது.

இதை அவள் ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். ஹென்றிக்கை ஏற்றி இறக்குகிற காத்தான்குடி ஓட்டோக்காரன் நிஸ்தார். அவன் சிரித்த சிரிப்பில் ஓட்டோவைத் தெரு ஓரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மனிசன் பாவம், ஒரு நாளைக்கு இது வெளியில வரும் என்றான். வெள்ளையன் கொப்பியை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அவள் சொன்னாள். நிஸ்தாரின் நல்ல மனதையும் அவள் ஒரு பலவீனமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

கொப்பியை வாசிக்க ஆள் வந்தது வெல்லாவெளியிலிருந்து. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியன் நிலோஜன். மோட்டார் சைக்கிளில் போகும்போது கதிரையில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரரைக் கண்டு இறங்கிப் பேசியவன், கொப்பியைப் பார்த்ததும் துள்ளினான். ஒரு கிராமத்தின் பறவைப் பெயர்கள் முழுக்க ஒரு அந்நியரால் பதியப்பட்டிருக்கிறதே என்றான். ஆட்காட்டியை ஓட்டைச்சங்கு என்று எங்கும் கேள்விப்பட்டதில்லை என்று ஒரு கணம் யோசித்தானாம். ஆனால் வயல் பக்கத்துப் பேச்சு வேறு, கரைப் பக்கத்துப் பேச்சு வேறு என்று தானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டான். படித்தவன் அல்லவா! மாசி மாதம் சதுப்பு நில தினம் வருகிறது, பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டி இவரைப் பேசவைப்போம் என்று அதிபரிடம் கேட்டான். அதிபர் கல்லடியிலிருந்து வந்து போகிறவர். அவருக்கும் ஊர்ப் பட்டங்கள் தெரியாது.

கேதீஸ்வரிக்கு இதில் எதுவும் தெரியாது. வெள்ளையன் பள்ளிக்கூடத்தில் பேசப்போகிறான், தேநீர் ஊற்ற வரவேண்டும் என்று மட்டும் தெரியும். ஹென்றிக் அன்று வேட்டி கட்டியிருந்தார். அதன்மேலும் பெல்ட்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வண்ணக்கர், ஓய்வுபெற்ற அதிபர், சீதேவிப்பிள்ளை. பின்னால் பிள்ளைகள். கேதீஸ்வரி பக்கத்துக் கதவடியில் தேநீர் வாளியோடு நின்றாள். திரையில் முதல் படம் விழுந்தது. கூழைக்கடா. கீழே பெரிய எழுத்தில், நிலோஜனின் அழகான கையெழுத்தில்: பந்திமுந்தி.

அவள் கையில் இருந்த கோப்பை சாய்ந்து சுடுதேநீர் காலில் ஊற்றியது. அவள் அசையவில்லை.

“இந்தப் பறவையின் பெயர் பந்திமுந்தி” என்று ஹென்றிக் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “இதற்கு மிகப் பெரிய வாய். எப்போதும் முதலில் வரும். மற்றவர்கள் பிடித்த மீனையும் எடுக்கும். சாப்பிட்ட பிறகு அசைய முடியாது. நான் தினமும் பார்க்கிறேன்.”

பின்வரிசையில் ஒரு பிள்ளை மூக்கால் சிரித்தது. அதோடு பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். தன் தமிழ் நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஹென்றிக்கும் சிரித்தார். அடுத்த படத்தைப் போட்டார். ஓட்டைச்சங்கு, ஒரு காரணமும் இல்லாமல் கத்தும், யாரும் கேட்காவிட்டாலும் கத்தும், இரவிலும் கத்தும். ஓய்வுபெற்ற அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அகப்பைவாய், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போகும், சேறு இருக்கிற இடமெல்லாம் போகும். சீதேவிப்பிள்ளை எழும்பினாள், திரும்பவும் உட்கார்ந்தாள். எழும்பிப் போனால் அது தான்தான் என்று ஒத்துக்கொண்டது ஆகிவிடும். வண்ணக்கரும் அதே காரணத்தால்தான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நிலோஜன் மட்டும் மேடை ஓரத்தில் நின்று, இந்த ஊர் மக்களுக்குப் பறவைமேல் இவ்வளவு ஆசையா என்று வியந்துகொண்டிருந்தான்.

பெரியவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். தன்தன் பட்டம் வரும்வரை ஒவ்வொருவரும் சிரித்தார்கள், வந்ததும் நிறுத்தினார்கள். சந்திக் கடை முதலாளி, குண்டியாட்டி வந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நிலையிலேயே உறைந்துபோனார். கேதீஸ்வரி இதைக் கதவடியில் நின்று பார்த்தாள். பயம் இருந்தது. அதற்குள்ளேயும், இவ்வளவு மலிவான சனமா என்ற நினைப்பு இருந்தது.

கடைசியில் ஹென்றிக் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றையும் எனக்குத் தந்தவர் என் ஆசிரியை, திருமதி கேதீஸ்வரி, அவர் மேடைக்கு வரவேண்டும். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

அவள் போகவேண்டியிருந்தது. வெந்த காலோடு நடந்து மேடைப் படியடிக்கு வந்தபோது வண்ணக்கர் எழும்பி வழியை மறித்தார். குரலைத் தாழ்த்தி, ஒரு உபகாரம் செய்கிறவர் போலச் சொன்னார்.

“அவனுக்குத் தமிழ் சரியாத் தெரியாதெண்டு ஊருக்கே தெரியும். பிழையா விளங்கிப் பிழையா எழுதிட்டான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு கா. இதோட முடிஞ்சிரும். மறுகா, வாற சடங்குக்குப் பாற்குடத்தப் பத்தியும் பாப்பம்.”

நல்ல வழிதான். எல்லாரும் நம்புவார்கள். மேலே நின்று சிரித்துக்கொண்டிருக்கிற அந்த நெடுவல் கிழவனும், தன் காதுதான் பிழை என்று நம்பிவிடுவார். கேதீஸ்வரி ஒரு நிமிடம் யோசித்தது உண்மை. ஆனால் பாற்குடத்தை அவர் இப்படி எடுத்து நீட்டியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருடம் மறுத்த ஒன்றை, தன் பட்டப்பெயரை மூடுவதற்கு விலையாகக் கொடுக்கிறார். அம்மனின் பாலை! அவரைச் சுற்றிக்கொண்டு ஏறி மைக்கைப் பிடித்தாள்.

“சேர் பிழையாச் சொல்லல்ல. நான் சொன்னதத்தான் அவரு எழுதினாரு. குருவிகளுக்கு வேற பேரு இருக்கு. இது உங்களுக்கு ஊரு வெச்ச பேரு. நான் வெக்கல்ல. நீங்க எழும்பிப் போன பொறகு எல்லாரும் சொல்ற பேருதான்.”

இறங்கி, தேநீர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தேநீர் யாருக்கும் ஊற்றவில்லை.

நடந்தது இன்னதென்று ஹென்றிக்குக்கு நிஸ்தார்தான் ஓட்டோவில் வைத்து விளங்கப்படுத்தினான். அடுத்த மூன்று நாள் அவர் கேதீஸ்வரியிடம் பேசவில்லை. தானே தேநீர் போட்டுக் குடித்தார். ஆறிப்போன தண்ணீரில் தேயிலைத் தூளைக் கரைத்து அவர் குடிப்பதை அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். திட்டினால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். வேலையை விட்டுப் போ என்று சொல்லக்கூட இவருக்கு முதுகெலும்பு இல்லை என்று எண்ணினாள்.

நாலாம் நாள் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாற்பத்து மூன்று பெயரையும் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டியிருந்தார். பக்கத்தில் வெறும் இடம் விட்டிருந்தார். உண்மையான பெயர் சொல்லுங்கள் என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். கூழைக்கடா, நீர்க்காகம், ஆட்காட்டி, உள்ளான், மீன்கொத்தி, நாரை, தாராவு. அதோடு நின்றுவிட்டது. மிச்சப் படங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவளுக்குத் தெரிந்தது ‘கொக்கு’ அல்லது ‘குருவி’. வாவிக்கரையில் பிறந்து ஐம்பத்தொரு வயது வந்தவளுக்கு ஏழு பெயர். பட்டப்பெயர் கேட்டால் நூறு சொல்வாள். அவளுடைய ஏளனம் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஹென்றிக் இன்னொன்றையும் சொன்னார். தன் பஸ் டிப்போவுக்கு முப்பது வருடத்துக்கு முன்னர் துப்புரவு வேலைக்கு ஒரு இலங்கைத் தமிழர் வந்தாராம், அகதியாக. மொழி தெரியாது. காலை வணக்கத்துக்கு உங்கள் நாட்டில் என்ன சொல்வது என்று கேட்டாராம். நாங்கள் ஒரு கெட்ட சொல்லைச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு வாரம் அவர் மேலதிகாரிக்கும், பயணிகளுக்கும், என் மனைவிக்கும் அதைச் சொன்னார். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அதனால் உங்களோடு கோபிக்க என்னால் முடியவில்லை என்றார்.

கேதீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல்முறை அவர் ஒரு சாதாரண மனிசனாகத் தெரிந்தார், ஊரில் இருக்கிறவர்களைப் போல.

“அந்தாள்ர பேரென்ன?”

அவர் கொப்பியை மூடினார். காது சிவந்தது.

“மறந்துவிட்டேன்” என்றார்.

“குருவிக்கெல்லாம் பேரு கேட்டுத் திரியிறீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள். அந்த ஒன்றுக்காக அவரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைக் கண்டு சிரிப்பு வரவில்லை. வெறுப்பதென்றால் சரிசமமாக வெறுக்கத் தகுந்த ஆள் என்று ஆகிவிட்டார்.

மிச்சப் பெயர்களுக்காக அவளே அலைந்தாள். அவருக்காக அல்ல, ஏழோடு நிற்பது அவமானமாக இருந்ததால். நிஸ்தாரின் மச்சான் உசனார் வாவியில் வலை வைக்கிறவன். ஹென்றிக்கின் படப்புத்தகத்தைச் சேலைக்குள் வைத்துக் கொண்டுபோய் அவனிடம் காட்டினாள். அவன் தயங்காமல் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். இருபது படம் போன பிறகு முதல் படத்தைத் திரும்பக் காட்டினாள். வேறு பெயர் சொன்னான். மூன்றாம் முறை இன்னொன்று. அந்தத் தொழிலில் அனுபவம் உள்ளவளிடம் அது எடுபடவில்லை. உண்மையாகத் தெரிந்ததை மட்டும் சொல் என்று சொல்லி, பதினொன்று வாங்கிக்கொண்டு வந்தாள். மிச்சம் இன்றைக்கும் அந்தக் கொப்பியில் வெறும் இடமாகத்தான் இருக்கிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. மாதர் சங்கத்தில் அவள் உறுப்பினரே இல்லை. என்றாலும் கூட்டம் வைத்து அவளை நீக்கினார்கள். நிலோஜனுக்கு வெல்லாவெளிக்கே மாற்றம் வந்தது. வண்ணக்கர் பழிவாங்கிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. அவன் வந்த நாளிலிருந்து அந்த மாற்றத்துக்குத்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வாவியில் கூழைக்கடாவைக் கண்டால் பந்திமுந்தி, பந்திமுந்தி என்று கத்தினார்கள். வண்ணக்கர் மாலையில் வாவிக்கரைப் பக்கம் நடக்கப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஆவணியில் ஹென்றிக்கின் விசா முடிகிற காலம் வந்தது. ஊரில் இரண்டு பெரியவர்களிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கி வரும்படி விசா அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் உடனே கொடுத்தார். மற்றக் கடிதத்துக்கு ஹென்றிக் வண்ணக்கரிடம் போய், ஒரு மணி நேரம் முற்றத்தில் நின்று, ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வேறு யாரிடம் போனாலும் வண்ணக்கர் கொடுக்காததை நாங்கள் எப்படிக் கொடுப்பது என்றார்கள். அவர் பெட்டியைத் தூசி தட்டத் தொடங்கினார். புத்தகத்தை ஒரு பக்கம், கொப்பிகளை ஒரு பக்கம் அடுக்கினார். பைனாகுலரை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

கேதீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, தலை வாரி, கையெழுத்துக்காக ஹென்றிக் எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வண்ணக்கர் வீட்டுக்கு நடந்தாள். அந்தப் படலையைத் திறந்து பதினைந்து வருடம் இருக்கும். அருமைநாயகம் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, எழும்பாமல், மெதுவாகப் பேசத் தொடங்கினார். சபையில் ஒரு பெரிய மனிதனை அப்படிச் செய்யலாமா, என்னைக் குருவியாக்கினவனுக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டுமா என்றார்.

அவள் பேசி முடிக்க விட்டாள்.

“உங்களக் குருவியாக்கினது நான், அவரில்ல. அந்தப் பேரு ஆருக்குரியது எண்டு மட்டுந்தான் அவருக்குத் தெரியும். ஏன் வந்த பேரு எண்டு தெரியாது. செத்த வீட்டு முப்பத்தொண்டாம் நாள், செத்தவருக்குப் படைக்க முன்ன நீங்க இலைக்கு முன்னால சாப்பிட இருந்த கதைய நான் சொல்லல்ல. அவரு கேக்கிறதெல்லாம் எழுதுற ஆள். எழுதினா நெட்டில போடுவாரு. லண்டனில இருக்கிற உங்கட மகளும் வாசிக்கலாம்.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அவள் சிரித்தாளோ என்று கேதீஸ்வரிக்குச் சந்தேகம். அருமைநாயகம் எழும்பி உட்கார்ந்தார். பிறகு பேனை கேட்டார். கையெழுத்தை மூன்று இடத்தில் வைத்து, கோயில் முத்திரையும் குத்தினார். முத்திரை யாரும் கேட்கவில்லை.

கடிதத்தைக் கண்டதும் ஹென்றிக் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். கேட்டன், தந்தாரு என்றாள். அவர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவள் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடத்துக்கு விசா கிடைத்தது. கொழும்பிலிருந்து வரும்போது ஒரு கேக் பெட்டி வாங்கி வந்து, ஓட்டோவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, தானே துண்டு துண்டாகக் கொடுத்தார். வண்ணக்கர் வீட்டுக்கும் கொடுத்தார். சீதேவிப்பிள்ளை இரண்டு துண்டு எடுத்தாளாம். வெட்கம் கெட்ட ஊர் என்று நிஸ்தாரிடம் சொன்னாள் கேதீஸ்வரி, கெட்டவர்களுக்கு நடுவில் இந்த மனிசன் இன்னும் இரண்டு வருடம் பிட்டைக் கரண்டியால் தின்னப்போகிறான் என்றும் சொன்னாள். நிஸ்தார், உங்களுக்கு ஒரு துண்டும் வைக்கல்லையா அக்கா என்று கேட்டான். வைத்திருந்தார். நல்ல பெரிய துண்டு, மேலே ஐசிங் பூவோடு. இனிப்புக் கூடிப்போயிருந்தது என்றாள், ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டிருந்தாள்.